'டெஸ்ட் எல்லாம் நார்மல்... ஆனா வலி மட்டும் ஏன் போகல?' - ஓயாத சோர்வும் நாள்பட்ட வலியும்: அன்றாடம் சமாளிப்பது எப்படி?

காலை 6 மணி. அலாரம் அடிக்கிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கியே எழாதது போல இருக்கிறது. கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, முழங்கால் என்று எங்கே கை வைத்தாலும் வலி. எழுந்து பால் காய்ச்சி, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்குள் அன்றைய தெம்பு முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்-ரே, ஸ்கேன். கடைசியில் கையில் கிடைப்பது ஒரே பதில்: "ரிப்போர்ட் எல்லாம் நார்மலாதான் இருக்கு."

வீட்டுக்கு வந்தால் அடுத்த பேச்சு: "அதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன வலி?"

இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் நடக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். டெஸ்ட் நார்மலாக இருந்தும் உடம்பு ஏன் வலிக்கிறது, எந்த வலியை அலட்சியம் செய்யக் கூடாது, வலியோடும் சோர்வோடும் ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்று எளிமையாகப் பார்க்கலாம்.

நாள்பட்ட வலி என்றால் என்ன?

கையைச் சுட்டுக்கொண்டால் வலிக்கும். காயம் ஆறினால் வலி போய்விடும். இது உடம்பைக் காப்பாற்றும் வலி.

மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தோ, விட்டு விட்டோ வந்துகொண்டே இருந்தால் அதை நாள்பட்ட வலி என்று மருத்துவம் சொல்கிறது. மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், சர்க்கரை நோயால் ஏற்படும் நரம்பு பாதிப்பு போன்ற ஒரு நோயால் இது வரலாம். சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலியோடு இருந்தவர்கள் நம் ஊரில் ஏராளம்.

ஆனால், பின்னணியில் வேறெந்த நோயும் பிடிபடாமல் வலியே ஒரு நோயாக மாறிவிடுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுக்கப்பட்டுள்ளது. அதாவது இது கற்பனை இல்லை, நடிப்பும் இல்லை.

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது ஃபைப்ரோமயால்ஜியா. உலக அளவில் சுமார் 2 முதல் 4 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் கண்டறியப்படுகிறது. 2017-இல் அமெரிக்கப் பாடகி லேடி காகா தனக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு தன் ஐரோப்பிய இசைப் பயணத்தையும் தள்ளிவைத்தார். அதன் பிறகுதான் இந்தப் பெயரையே பலர் கேள்விப்பட்டார்கள்.

டெஸ்ட்டில் தெரியாத வலி எங்கிருந்து வருகிறது?

கோயில் திருவிழா மைக் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாடுபவர் மெதுவாகத்தான் பாடுகிறார். ஆனால் ஆம்ப்ளிஃபையரில் வால்யூமை முழுவதும் ஏற்றி வைத்தால் என்ன ஆகும்? மூச்சு விடும் சத்தம்கூட தெருவுக்கே கேட்கும்.

ஃபைப்ரோமயால்ஜியாவில் நடப்பது ஏறக்குறைய இதுதான். உடம்பின் பாகங்களில் இருந்து வரும் தகவல்களை முதுகுத்தண்டும் மூளையும்தான் 'வலி' என்று படித்துச் சொல்கின்றன. அந்த இடத்தில் வால்யூம் கூடிவிடுகிறது. மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு தொடுதல், ஒரு அழுத்தம், பஸ்ஸில் ஒரு குலுக்கல் இவர்களுக்கு வலியாகப் பதிவாகிறது. மூளையில் இருந்து கீழே இறங்கி வலியைக் குறைக்க வேண்டிய நரம்புப் பாதைகளும் சரியாக வேலை செய்வதில்லை.

எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். ஸ்கேன் ஜவ்வையும் தசையையும் காட்டும். வால்யூம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட எந்த மெஷினும் இல்லை. அதனால்தான் ரிப்போர்ட் நார்மல்.

முன்பு இதைக் கண்டறிய, உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலிக்கிறதா என்று கணக்கெடுப்பார்கள். அது 1990-இல் வந்த முறை. 2010-க்குப் பிறகு அது மாறிவிட்டது. வலி எத்தனை இடங்களில் பரவியிருக்கிறது, சோர்வு எவ்வளவு, தூங்கி எழுந்தால் தெளிவு இருக்கிறதா, ஞாபக மறதி உண்டா என்று கேட்டு, இவை மூன்று மாதமாக நீடிக்கின்றனவா என்பதையும் பார்த்தே டாக்டர் முடிவுக்கு வருகிறார்.

வலியைப் பற்றி ஆராயும் சர்வதேச அமைப்பு 2020-இல் வலிக்கான தன் விளக்கத்தைத் திருத்தியபோது முக்கியமான ஒன்றைச் சேர்த்தது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால், அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதே அது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே" என்று சொல்பவர்களுக்கு இதைத் தாராளமாகக் காட்டலாம்.

'எனக்கும் அதுதான்' என்று நீங்களே முடிவு செய்யலாமா?

கூடாது. ஏனென்றால் சோர்வுக்கும் உடம்பு வலிக்கும் எளிதில் சரி செய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. முதலில் அவற்றைத் தேட வேண்டும்.

ரத்தசோகை முதல் சந்தேக நபர். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு, வேலை என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். காரணம் ரத்தத்தில் இருக்கலாம்.

டாக்டரிடம் கேட்டுப் பார்க்க வேண்டியவை:

- ஹீமோகுளோபின் உட்பட முழு ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து அளவு
- தைராய்டு
- சர்க்கரை
- வைட்டமின் டி, வைட்டமின் பி12
- சிறுநீரகம், கல்லீரல் செயல்பாடு
- உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி

இவை எல்லாமே எல்லோருக்கும் தேவைப்படாது. எது தேவை என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

இரவில் பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வந்தால் தூக்கத்தில் மூச்சடைப்புப் பிரச்னை இருக்கலாம். பகல் முழுக்கச் சோர்வாக இருக்க அது ஒன்றே போதும். மன அழுத்த நோயும் பலருக்கு உடம்பு வலியாகவே வெளிப்படும். கொழுப்புக்காகச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரையும் சிலருக்குத் தசை வலியைத் தரும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம்

- வலியோடு காய்ச்சல், அல்லது காரணம் இல்லாமல் எடை குறைவது
- காலையில் மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாகவே இருப்பது
- கை, கால் பலம் குறைவது, மரத்துப் போவது அதிகமாகிக்கொண்டே போவது
- இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, தொடை இடுக்குப் பகுதி மரத்துப் போவது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்
- படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பிவிடும் வலி
- முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் எலும்பு வலி
- மார்பு, தாடை, இடது கை வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல். உடனே 108

மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை: என்ன பிரச்னை?

"அண்ணே, உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." பலருடைய வைத்தியம் இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை வீக்கத்தையும் அழற்சியையும் குறைக்கும் மாத்திரைகள். அடிபட்ட காலுக்கு உதவும். ஆனால் வால்யூம் ஏறியதால் வரும் வலியில் குறைப்பதற்கு அழற்சியே இல்லை. அதனால் பலன் மிகக் குறைவு. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரக பாதிப்பு வரை போகலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

2021-இல் வந்த பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல், காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு பாராசிட்டமால், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், ஓபியாய்டு மருந்துகள் ஆகியவற்றைத் தொடங்கவே வேண்டாம் என்கிறது. டிரமடால் போன்ற ஓபியாய்டுகள் பழக்கமாக மாறும் ஆபத்து உள்ளவை. இந்தியாவில் 2018 முதல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது.

பெயர் இல்லாத 'வலி பொடி', லேபிள் இல்லாத மாத்திரை சாப்பிட்டு ஒரே நாளில் வலி பறந்துவிட்டதா? சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சர்க்கரை ஏறுவது, முகம் ஊதுவது, எலும்பு பலவீனமாவது எல்லாம் பிறகுதான் தெரியும்.

'வலிக்குப் போனா டிப்ரெஷன் மாத்திரை தர்றாரே?'

இது அடிக்கடி வரும் குழப்பம். அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் ஆகியவை மன அழுத்த நோய்க்காக வந்த மருந்துகள்தான். ஆனால் வலியைக் குறைக்கும் நரம்புப் பாதைகளிலும் அவை வேலை செய்கின்றன. அமிட்ரிப்டிலினை வலிக்குத் தரும்போது அளவும் மிகக் குறைவாக இருக்கும். பிரிகாபலின் என்பது வலிப்பு நோய்க்கும் பயன்படும் மருந்து. ஃபைப்ரோமயால்ஜியாவுக்காக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு முதலில் அனுமதி கொடுத்தது இதற்குத்தான், 2007-இல்.

எனவே அந்த மாத்திரையை எழுதினால், "உன் வலி வெறும் மனசுலதான்" என்று டாக்டர் சொல்வதாக அர்த்தம் இல்லை.

தூக்கக் கலக்கம், தலைசுற்றல், எடை கூடுவது, வாய் வறட்சி வரலாம். மாத்திரை உடம்புக்குப் பழகும் வரை டூவீலர் ஓட்டுவதில் கவனம் தேவை. திடீரென நிறுத்தவும் கூடாது. எல்லோருக்கும் இவை பலன் தருவதும் இல்லை. மருந்து வலியை ஒரு படி இறக்கும். மீதி வேலை அன்றாட வாழ்க்கையில்தான் இருக்கிறது.

சரி, அன்றாடம் எப்படிச் சமாளிப்பது?

உங்கள் போனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா என்று வைத்துக்கொள்வோம். காலையிலேயே வீடியோ பார்த்துத் தீர்த்துவிட்டால் மாலையில் ஒரு மெசேஜ் அனுப்பவே திணற வேண்டும். நாள்பட்ட வலி உள்ளவர்களின் தெம்பும் இப்படித்தான். அளவோடு வருகிறது. ஒரு வித்தியாசம்: போனில் தீர்ந்தால் இன்றோடு போச்சு. உடம்பு நாளைய கணக்கில் இருந்தும் கடன் எடுத்துவிடும்.

அமெரிக்காவில் லூபஸ் நோயோடு வாழும் கிறிஸ்டீன் மிசரான்டினோ 2003-இல் இதை ஸ்பூன்களை வைத்து விளக்கினார். கையில் இருக்கும் ஸ்பூன்கள்தான் அன்றைய தெம்பு. குளிப்பது, உடை மாற்றுவது, சமைப்பது என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்பூன் போய்விடும். உலகம் முழுக்க நாள்பட்ட நோயாளிகள் பலர் இன்று தங்களை 'ஸ்பூனீஸ்' என்று அழைத்துக்கொள்வது இதனால்தான்.

1. 'நல்ல நாளில்' ஏமாறாதீர்கள்

வலி குறைந்த ஒரு சனிக்கிழமை. "இன்னிக்கு உடம்பு நல்லா இருக்கு, எல்லாத்தையும் முடிச்சிடலாம்" என்று ஒட்டடை அடித்து, துணி துவைத்து, மாவும் ஆட்டி வைத்துவிடுகிறோம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் படுக்கை. பொங்கலுக்கு முந்தைய வாரம் எத்தனை வீட்டில் இது நடக்கிறது!

இந்த ஏற்ற இறக்கத்தை உடைப்பதுதான் முதல் வேலை. ஒரு வாரம் கவனியுங்கள். நின்று சமைத்தால் எத்தனை நிமிடத்தில் வலி கூடுகிறது? 20 நிமிடம் என்றால், 15 நிமிடத்திலேயே உட்காருங்கள். வலி வந்த பிறகு உட்கார்வதற்கும், வருவதற்கு முன்பே உட்கார்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. போனில் டைமர் வைத்துக்கொள்ளலாம். நல்ல நாளிலும் அதே 15 நிமிடம். மோசமான நாளில் அதைவிடக் குறைவு.

2. வேலையைப் பிரியுங்கள்

- காய் நறுக்குவது, கீரை ஆய்வது எல்லாம் உட்கார்ந்தபடி. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு உயரமான ஸ்டூல்
- நிறைகுடம் ஒரு தடவை தூக்குவதற்குப் பதில் அரைக்குடம் இரண்டு தடவை
- ஒரு வாரத் துணியை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் போடாமல் இரண்டு, மூன்று நாளாகப் பிரிப்பது
- அடிக்கடி எடுக்கும் டப்பாக்கள் இடுப்பு உயரத்தில். குனிவதும் எம்பி எடுப்பதும் குறையும்
- அலுவலகத்தில் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிட நடை

அதோடு, "இன்னிக்கு இதைச் செய்யலைன்னா என்ன ஆயிடும்?" என்று ஒவ்வொரு வேலைக்கும் கேளுங்கள். பல வேலைகளுக்குப் பதில் "ஒண்ணும் ஆகாது" என்பதுதான்.

3. அசைவு வேண்டும், ஆனால் கொஞ்சமாக

வலிக்கிறதே என்று அசையாமலே இருந்தால் தசை பலவீனமாகும், பிறகு சின்ன வேலைக்கும் வலிக்கும். ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு 2017-இல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான சிகிச்சைகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டது. அதில் உறுதியான பரிந்துரை கிடைத்தது ஒன்றுக்குத்தான். அது உடற்பயிற்சி.

உடனே ஜிம்முக்கு ஓட வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் ஐந்து நிமிட நடை போதும். ஒரு வாரம் அதே ஐந்து நிமிடம். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். முதல் சில நாள் லேசாக வலி கூடலாம். அது சேதம் இல்லை.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. சிலருக்குச் சின்ன வேலை செய்தாலும் அன்றோ, மறுநாளோ, அதற்கடுத்த நாளோ உடம்பு அப்படியே சரிந்துவிடும். நாள்கணக்கில் எழ முடியாது. இது நாள்பட்ட சோர்வு நோயின் அடையாளமாக இருக்கலாம். கோவிட்டுக்குப் பிறகும் பலருக்கு இந்தப் பிரச்னை வந்தது. இவர்களிடம் "கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே போங்க" என்று சொல்வது நிலைமையை மோசமாக்கலாம். அந்த மாதிரிப் பயிற்சித் திட்டத்தை பிரிட்டன் வழிகாட்டுதல் 2021-இல் கைவிட்டுவிட்டது. உங்களுக்கு இப்படி இருந்தால் நடையைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் பேசுங்கள்.

4. தூக்கத்தைச் சரி செய்யுங்கள்

வலியால் தூக்கம் கெடுகிறது என்று நமக்குத் தெரியும். தூக்கம் கெட்டாலும் வலி வரும். கனடாவைச் சேர்ந்த ஹார்வி மோல்டோஃப்ஸ்கி குழுவினர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தசை வலியும் சோர்வும் வந்தன.

தினமும் ஒரே நேரத்தில் எழுவது முக்கியம், லீவு நாளிலும். பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். படுக்கையில் போன் வேண்டாம். ஆமாம், இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான்!

5. டாக்டரிடம் பேசத் தயாராகுங்கள்

கூட்டமான ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடங்கள். "உடம்பெல்லாம் வலிக்குது டாக்டர்" என்று ஆரம்பித்தால் அதிலேயே நேரம் போய்விடும். ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்:

- எப்போது ஆரம்பித்தது, எந்தெந்த இடம்
- எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது
- தூக்கம் எப்படி
- இதனால் செய்ய முடியாமல் போன மூன்று வேலைகள்
- இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள், கடையில் வாங்கியவை உட்பட

"10-க்கு 7 வலி" என்பதைவிட "குழந்தையைத் தூக்க முடியவில்லை" என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

யாரிடம் போவது?

முதலில் பொது மருத்துவர். தேவைப்பட்டால் ருமட்டாலஜி எனப்படும் மூட்டு, தசை நோய்ப் பிரிவு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்தப் பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நடமாட முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

நீண்ட நாள் வலி மனதையும் சோர்வடைய வைக்கும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாமல் பேசுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த வலிக்கு வீக்கம் இல்லை, கட்டு இல்லை. காலையில் பேசிச் சிரித்தவர் மதியம் சுருண்டு படுத்தால் நடிப்பு போலத் தெரியலாம். நம் வீடுகளில் இப்படிச் சந்தேகப்படப்படுவது பெரும்பாலும் பெண்கள்தான். "சோம்பேறி" என்ற பேச்சுக்குப் பயந்து வலியோடே வேலை செய்வார்கள். மறுநாள் இரண்டு மடங்காக அனுபவிப்பார்கள்.

"இன்னும் வலிக்குதா?" என்று தினமும் கேட்பது பெரிதாக உதவாது. "மாத்திரை போட்டியா?" என்பதும் அப்படித்தான். அதற்குப் பதிலாக, "இன்னிக்கு எந்த வேலையை நான் பாத்துக்கட்டும்?" என்று கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் அந்த வேலையைச் செய்துவிடுங்கள்.

ஃபைப்ரோமயால்ஜியா மூட்டுகளை அழிக்கும் நோய் இல்லை, உயிரைப் பறிக்கும் நோயும் இல்லை. முழுவதும் குணமாகும் என்று உறுதி சொல்லவும் முடியாது. "வலியே இல்லாத நாள் எப்ப வரும்?" என்று காத்திருப்பதைவிட, "இந்த வாரம் எது கொஞ்சம் எளிதாச்சு?" என்று பார்ப்பதுதான் பலன் தரும். போன மாதம் ஐந்து நிமிடம் நடந்தவர் இந்த மாதம் பத்து நிமிடம் நடந்தால், அதுவே முன்னேற்றம்தான்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. மருந்து தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எதுவாக இருந்தாலும் உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே செய்யுங்கள்.)